முன்னறைக்காரரின் குரல்

முதல் ஆளை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், அது முடிந்ததும் நாங்கள்தான், அதற்குள் இவரை எழுப்பிவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மதியச் சோற்றுக்குப் பிறகு வருகிற பீரியடில் ஐம்பது பெண்பிள்ளைகளுக்கு முக்கோணவியல் ஏற்றுகிறவளுக்கு ஒரு வயசாளியை நாற்காலியிலிருந்து எழுப்புவது ஒரு வேலையா. ஆனால் இவர் சொன்ன விதம்தான் கொஞ்சம் இடிக்கிறது. "வேணாம் புள்ள, வீட்டுக்குப் போவம்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு, இந்த நாலைந்து மாதமாக இவருக்கு வந்திருக்கிற அந்தக் கனத்த குரலில். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பச்சை அங்கியின் நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு முதுகுப் பக்கம், கை எட்டவில்லை, என்னைப் பார்த்தார், நான் அவிழ்க்கவில்லை. அவிழ்க்க மாட்டேன். டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்: குரல்வளையில் கட்டி, முழுசாக எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார், கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாக மூச்சு விடுவார், ஆனால் பேச்சு போய்விடும், எடுக்காவிட்டால் அடுத்த நோன்பைப் பார்க்க மாட்டார். பேச்சா ஆளா என்று கேட்டால் யாராவது யோசிப்பார்களா? எங்கள் வீட்டில் யோசிப்பார்கள். எங்கள் வீட்டில் பேச்சுதான் ஆள். பிறகு மெஷின் வைத்துக் கொஞ்சம் பேசலாம் என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, இன்னொரு குரலா, எங்கள் வீட்டுக்கா, இருக்கிற இரண்டு குரலை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு போதாதா.

இவர் யார் என்று நேற்று டாக்டர் கேட்டார், "அப்பாவா?" என்று. "இல்ல சார், எங்க வீட்ல இருக்கவுக" என்றேன். டாக்டர் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தபடி "எம்மவதான் சார்" என்றார். ஒரே நாற்காலி அகலத்துக்குள் இரண்டு பதில். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை மட்டும் மாடிக்கு அனுப்பினார், அங்கே மனநல டாக்டர், சின்னப் பெண், என் முதல் செட் மாணவிகளை விடச் சின்னவளாக இருப்பாள். எனக்குக் கோபம் வரவில்லை. தெளிவாகவே சொன்னேன், போர்டில் எழுதுகிற மாதிரி: தரவு இது, நிரூபிக்க வேண்டியது இது, ஆகவே இவர் என் வாப்பா இல்லை, ஆனால் நல்ல மனுஷர், அதனால் வைத்தியம் பார்க்க வேண்டியது எங்கள் கடமை. அந்தப் பெண் ஒன்றும் மறுக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு வீட்டுல ஒருத்தங்க ஒண்ண முழுசா நம்பிட்டா, கூட இருக்கிறவங்களும் அதுக்குள்ள போயிடுவாங்க டீச்சர். அது பொய் இல்ல, நடிப்பும் இல்ல. உங்க உம்மாவுக்கு முதல்ல வந்திருக்கு, அவங்ககிட்டேருந்து உங்களுக்கும் அக்காவுக்கும். கொஞ்ச நாள் பிரிஞ்சிருந்தா சிலருக்கு அதுவா கழண்டுடும்" என்றாள். சிலருக்கு என்பது நிரூபணம் ஆகாதும்மா என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். வருகிற வழியில் படிக்கட்டில் ஒரு தடவை நின்றேன், அதை மறைக்க வேண்டியதில்லை, ஏன் நின்றேன் என்று தெரியவில்லை, மூச்சு வாங்கியிருக்கும். எனக்கு ஒட்டியிருக்கிறதாம். சொறி சிரங்கு மாதிரி. ஒரே சோப்பைப் போட்டதால் வந்த மாதிரி.

வாப்பா சபர் என்று அரபு நாட்டுக்கு வேலைக்குப் போகும்போது எனக்கு மூன்று வயது, லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, ஒன்பது. எனக்கு முகம் தெரியாது. ஈச்சமரத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற ஒரு போட்டோ, அதில் கண்ணாடிதான் தெரியும், மனுஷர் தெரியமாட்டார். எனக்குத் தெரிந்த வாப்பா கேசட்தான். அந்தக் காலத்தில் போன் ஏது, யாராவது ஊருக்கு வந்தால் சோப்பு, பவுடர், டார்ச் லைட்டோடு ஒரு கேசட்டும் கொடுத்தனுப்புவார்கள், அதில் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பேசி. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் பிள்ளைகளுக்கு வாப்பா. உம்மா உள்ளறைக் கதவைச் சாத்தி, அரிசிப் பெட்டியின் மேல் டேப் ரெக்கார்டரை வைத்து, எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுவாள். அந்த அறையில் பிளக் கிடையாது. பேட்டரி செல்தான். செல் விற்ற விலைக்கு எங்கள் வீட்டில் யாரும் அதைத் தூக்கி எறிந்ததில்லை, சோர்ந்து போனால் மொட்டை மாடியில் மிளகாயோடு சேர்த்து வெயிலில் காயப் போடுவாள் உம்மா, சூடு ஏறியதும் எடுத்துப் போட்டால் இன்னும் ஒரு பக்கம் ஓடும். ஓடும். வாப்பா பேசுவார், முதலில் உம்மா பேரைச் சொல்லி. பாத்து... முத்து... நல்லா... இருக்கியா... ஒரு வார்த்தை உட்கார்ந்து ஆற அமர எழுந்து போன பிறகுதான் அடுத்த வார்த்தை வரும். அடித்தொண்டையிலிருந்து, அவ்வளவு கனமாக, அவ்வளவு நிதானமாக. பிறகு என் பேர் வரும். ஜெய்னம்பு... நல்லா... ஓதணும்... உம்மாவ... கஷ்டப்படுத்தக் கூடாது... அந்தக் குரலைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வரும். காய்ச்சல் என்றால் உம்மா அதைத்தான் போடுவாள், காய்ச்சல் இறங்கும். அவசரமே படாத ஒரு மனுஷர் எங்களுக்கென்று எங்கோ இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய பலம் என்று அது இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த வீட்டு வாப்பாமாரெல்லாம் லீவில் வந்து கத்துவார்கள், அடிப்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் வாப்பாவுக்கு லீவே கிடைக்கவில்லை, முதலாளியிடம் பாஸ்போர்ட் சிக்கிக்கொண்டது. ஆனாலும் எங்கள் வாப்பாதான் எப்போதும் வீட்டில் இருந்தார்.

பிறகு ஒரு நாள் டாக்ஸி வந்து நின்றது, எனக்குப் பதின்மூன்று வயது, இவர் இறங்கினார். ஒல்லியாக, முன்நெற்றி ஏறி. வாசலில் நின்று "பாத்துமுத்து!" என்று கூப்பிட்டார். கீச்சென்று. வேகமாக. கிணற்று உருளையில் வாளிக் கயிறு ஓடுகிற மாதிரி படபடவென்று பேசினார், பஸ் லேட்டு, பெட்டி ஒண்ணு வரலே, புள்ளைங்க எங்கே, என்ன இப்புடி வளந்துட்டாளுக. உம்மா கதவைப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே நின்று, பிறகு இறங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு அந்நிய ஆண் வந்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள், வேறொன்றும் இல்லை. இரண்டு நாள் பேசவே இல்லை, மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டு அமைதியாகச் சொன்னாள், "இது ஒங்க வாப்பா இல்ல. அவுக கூட ஒரே ரூம்ல இருந்த ஆளு. எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அவுக பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கிட்டு வந்திருக்கான். ஒங்க வாப்பா அங்ஙனதான் இருக்காக. வருவாக." அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். லாத்தா அப்போதே அழுதுகொண்டே தலையாட்டிவிட்டாள். நான் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் நம்பினேன், அதுதான் எனக்கும் லாத்தாவுக்கும் உள்ள வித்தியாசம். ஜமாத்திலிருந்து பெரியவர்கள் வந்து இது எங்கள் வாப்பா மீரான்தான் என்று சத்தியம் பண்ணினார்கள், இவருடைய சொந்தத் தம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், எல்லாரும் ஏமாந்துவிட்டார்கள் என்று உம்மா சொல்லிவிட்டாள், அதிலும் தப்பு சொல்ல முடியாது, அவர்கள் யாரும் கேசட் கேட்டதில்லையே.

செல் விஷயம் எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிளஸ் டூ பௌதிகத்தில் வேகம் குறைந்தால் சுருதி இறங்கும் என்று படித்த அன்றே எனக்குப் பிடிபட்டுவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து உம்மாவிடம் சொன்னேன், செல் சோர்ந்தா டேப்பு மெதுவா ஓடும் உம்மா, மெதுவா ஓடினா குரல் கனக்கும், அவ்வளவுதான். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "அப்ப நம்ம பத்து வருசமா கேட்டது யாரு?" அந்த அவசரப்படாத மனுஷர், காய்ச்சலை இறக்கினவர், அவர் மிளகாயோடு காய்ந்த நாலு செல் என்றால், அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்றால். பதில் வராத கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவதுதான் பரீட்சையில் புத்திசாலித்தனம், என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே எனக்கு இரண்டும் தெரியும். செல் சோர்ந்தால் குரல் கனக்கும் என்பதும் தெரியும், இவர் என் வாப்பா இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அந்த மாடிப் பெண் கேட்டாள். இத்தனை வருஷம் வைத்திருக்கிறேனே, தலை ஒன்றும் வெடித்துவிடவில்லை.

இவர் இருமுகிறார். கைக்குட்டையை மடித்து மறைக்கிறார், அதில் சிவப்பு இருக்கும், எனக்குத் தெரியாதென்று நினைப்பு. எதிர் நாற்காலியில் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு ஒரு அம்மாள் எங்களையே பார்க்கிறாள், உள்ளே ஏதோ சக்கரம் உருள்கிற சத்தம், இல்லை, அது வேறு அறை. எங்கள் வீட்டில் இவருக்குப் பேர் முன்னறைக்காரவுக. உம்மா விரட்டவில்லை, ஏனென்றால் வாப்பா எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் இவர்தான், விரட்டிவிட்டால் வாப்பா வருகிற வழி தெரியாமல் போய்விடும். வாசல் பக்க அறையைக் கொடுத்து நடுவில் திரை போட்டுவிட்டாள். சோறு திரைக்கு அடியில் போகும், தட்டு திரைக்கு அடியில் வரும். சொந்த வீட்டில், கல்யாணம் முடித்த பெண்சாதி திரைக்குப் பின்னால். சொந்த என்று ஏன் சொன்னேன்? நாக்கு தவறிவிட்டது. முதல் வருஷம் இவர் அழுதார், எங்கள் சின்ன வயசுக் கதையெல்லாம் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார், அழ அழக் குரல் இன்னும் மெலியும், மெலிய மெலிய உம்மாவுக்கு இன்னும் உறுதியாகும். பிறகு பேச்சையே குறைத்துவிட்டார். மீன்வலைக்கடையில் கணக்குப் பார்க்கப் போனார், சம்பளத்தை ஜன்னலில் வைப்பார், விடிகாலை பஜ்ருத் தொழுகைக்கு முன்னால் எழுந்து எங்கள் தொட்டி நிரம்பத் தண்ணீர் இறைப்பார். தம்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். இன்னொரு கல்யாணம் பண்ணியிருக்கலாம், யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த ஆள் ஏன் போகமாட்டேங்குறான் என்று உம்மா அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தாள், நானும்தான். எனக்கு டைபாய்டு வந்தபோது திரைக்கு அந்தப் பக்கமே ராவும் பகலுமாக உட்கார்ந்திருந்தார், அவருடைய கால் மட்டும் தெரியும், பெருவிரலை விட நீளமான இரண்டாம் விரல், எனக்கும் அப்படித்தான், உலகத்தில் எத்தனையோ பேருக்கு அப்படி. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர் கீச்சு டீச்சர். பரவாயில்லை, உலகத்தில் எத்தனையோ பேருக்கு மெல்லிய குரல்.

எனக்கு ஒரு நல்ல இடம் வந்தது. நிக்காஹ்வுக்குப் பெண்ணின் வாப்பா வலியாக, அதாவது பொறுப்பாளராக, உட்கார்ந்து சம்மதம் சொல்ல வேண்டுமே, யார் உட்காருவது? உம்மா முடியாது என்றுவிட்டாள், அந்நிய ஆள் கையைப் பிடித்துக் கொடுத்தால் அது கல்யாணமா, வாப்பா வரட்டும். அன்றைக்குத்தான் இவர் திரையைத் தொட்டுக்கொண்டு எனக்காக முதல் தடவை ஒன்று கேட்டார், "நான் வரலே பாத்துமுத்து, யாரையாச்சும் வெச்சு முடிச்சிரு, புள்ள வாழ்க்கைய நிப்பாட்டாதே" என்று. பள்ளிவாசல் ஹஜரத் ஒத்துக்கொள்ளவில்லை, வாப்பா உயிரோடு முன்னறையில் இருக்கும்போது வேறு யார் என்றார். மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு வருத்தமில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வருத்தம் இருந்தது. அன்று ராத்திரி முன்னறையில் யாரோ தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது, யாரோ என்ன யாரோ, இவர்தான். நான் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு, என் வாப்பா வந்தால் இதற்கெல்லாம் பதில் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை பெரிய மனுஷியாகி, அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அப்படி நினைத்தேன்.

போன மழைக்காலம் முடியும்போது இவர் குரல் கரகரக்க ஆரம்பித்தது. சளி என்று சொன்னார். கரகரப்பு இறங்கி இறங்கிக் கனத்தது, பேசினால் வலிக்கும் என்பதால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒரு நாள் சாயங்காலம் திரைக்கு அந்தப் பக்கமிருந்து "பாத்து... முத்து... கொஞ்சம்... தண்ணி..." என்றார். உம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டாள். லாத்தா என் தோளைப் பிடித்தாள். உம்மா முக்காடு நழுவியதைக் கூடச் சரிபண்ணாமல் போய்த் திரையை ஒதுக்கி நின்றுகொண்டு, "எப்ப வந்தீக?" என்று கேட்டாள். இவர் "இப்பத்தான்" என்றார். அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு மேல் தொங்கின திரை அன்றைக்கே துவைக்கப் போய்விட்டது. உம்மா எதிரில் உட்கார்ந்து சோறு போடுகிறாள், முள் எடுத்துத் தருகிறாள், தலையில் பூ வைத்துக்கொள்கிறாள், இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறார்கள். லாத்தா வாய்க்கு வாய் வாப்பா என்கிறாள். என்னால் முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேனே, அதே கால், அதே நெற்றி, அதே ஆள், குரல் மட்டும் துருப்பிடித்திருக்கிறது, அதை வைத்து ஆளே மாறிவிட்டான் என்றால் எப்படி? தப்பான வழியில் போய்ச் சரியான விடையை எழுதியிருந்தால் நான் மார்க் போடமாட்டேன், எந்தக் கணக்கு டீச்சரும் போடமாட்டாள். சரியான விடை. இப்போதும் அப்படித்தான் சொன்னேன், சரியான விடை என்று. நாக்கு இன்றைக்கு நிறையத் தவறுகிறது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதுதான்.

"ஏன் வேணாங்குறீக?" என்று கேட்டேன். இருபது வருஷமாக நான் இவரை எந்த முறையும் சொல்லாமல் கூப்பிட்டுப் பழகியவள், முறை சொல்லாமல் ஒரு ஆளோடு ஒரே வீட்டில் காலம் தள்ள முடியும், கஷ்டமே இல்லை, வாக்கியத்தைக் கொஞ்சம் பார்த்துக் கட்ட வேண்டும். இவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "பொறப்படுமுன்ன... சாப்புடும்போது... ஒங்கும்மா... உப்பு போதுமான்னு... கேட்டா புள்ள" என்றார். பிறகு, "இத எடுத்துட்டா... நான்... யாரு? மறுபடி திரைக்கு... அந்தப் பக்கம்... போவணும். எனக்கு... இந்த நாலு மாசம்... போதும். அவ என்னைய... நம்புறப்பவே... போயிர்றேன்" என்றார். இதுதான் எனக்குப் பயம். இத்தனை நேரம் வேறு என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேனே, பயம் இது ஒன்றுதான். சாகத் தயாராகிவிட்ட ஆளுக்கு நான் என்ன சொல்ல முடியும்? உம்மாவும் வரும்போது இதையேதான் சொன்னாள், தொண்டைய மட்டும் யாரும் தொடக் கூடாது, இத்தனை வருசங் கழிச்சு வந்த கொரலு என்று, டெஸ்ட் மட்டும்தான் உம்மா என்று சமாளித்து இவரைக் கூட்டி வந்தேன். உம்மாவுக்குக் குரல் வேண்டும். இவருக்கு உம்மா வேண்டும். கட்டியைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை, என்னைத் தவிர. எனக்கு ஏன் அக்கறை? வீட்டில் இருக்கிற ஆள், நல்ல மனுஷர், கடமை. கடமைக்கு யாருக்காவது உள்ளங்கை இப்படி வேர்க்குமா.

சரி, கணக்காகவே போடுவோம். இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் வாப்பா. இரண்டு பக்கமும் குரல் இருக்கிறது, ஒன்று கீச்சுக் குரல், ஒன்று அடிக்குரல், அது ஒன்றுதான் சண்டை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கத்தி அதை எடுத்துவிடும். எடுத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், இரண்டு பக்கமும் குரலை அடித்துவிடுவோம். மீதி என்ன? அந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு ஈச்சமரம். அவ்வளவுதான், திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், வேறொன்றும் இல்லை. இந்தப் பக்கம் தொட்டித் தண்ணீர், ஜன்னலில் சம்பளம், டைபாய்டு ராத்திரியில் திரைக்குக் கீழே தெரிந்த கால், தலையில் அடித்துக்கொண்ட சத்தம், எப்ப வந்தீக என்று கேட்டதற்கு எப்பவோ வந்துட்டேன் என்று சண்டை போடாமல் இப்பத்தான் என்று சொன்ன பெருந்தன்மை. அப்ப நம்ம கேட்டது யாரு என்று உம்மா கேட்டாளே. இவரைத்தான் கேட்டோம் உம்மா. இவர்தான் அங்கே ஒரு ரூமில் உட்கார்ந்து கீச்சுக் குரலில் படபடவென்று, லீவு கிடைக்காத வயிற்றெரிச்சலோடு, எங்களுக்காகப் பேசினார், நாம்தான் மெதுவாக ஓடவிட்டுக் கேட்டோம். நிதானம் நம்முடையது, பேச்சு இவருடையது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமா? பெரிய கணக்கு டீச்சர். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், பிளாஸ்க் அம்மாள் பார்த்தால் பார்க்கட்டும்.

"அழுவாதே புள்ள" என்றார் இவர், பதறிப்போய். பிறகு என் அழுகைக்கு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னார், அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபமே வந்தது. "சரி... உள்ள போறேன். நீ உம்மாட்ட... சொல்லிரு, மீரான் திரும்பியும்... சபருக்குப் போயிட்டாகன்னு. அவ... காத்துக்கிட்டு இருப்பா. அது... அவளுக்குப் பழக்கம். நான் முன்னறைக்கே... வந்துர்றேன்." பிழைத்து வந்து மறுபடி யாரோ ஒருவராகத் திரைக்குப் பின்னால் உட்காருவாராம், கேட்டுக்கொண்டிருக்க முடியுமா இதை. "அதெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றேன், வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற சத்தத்தில். "எங்க வாப்பாவுக்குத் தொண்டையில ஆபரேஷன், இனிமே பேச மாட்டாகன்னுதான் சொல்வேன். திரை போட்டா கிழிப்பேன். எந்திரிங்க வாப்பா, நர்ஸ் வந்துட்டா." நர்ஸ் உண்மையாகவே சக்கர நாற்காலியோடு வந்துவிட்டிருந்தாள். வாப்பா உடனே எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்தார், கேட்டது சரிதானா என்று பார்க்கிற மாதிரி. நான் மறுபடியும் சொன்னேன், இந்தத் தடவை சத்தமில்லாமல். அதற்குப் பிறகு குழந்தை மாதிரி நர்ஸ் சொன்ன இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கதவுக்குப் பக்கத்தில் போனதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார், நான் ஓடினேன், கடைசிப் பேச்சாயிற்றே, என்ன சொல்லப் போகிறாரோ என்று குனிந்தேன். "வலைக்கடைச் சாவி... எஞ் சட்டைப் பையில... இருக்கு. முதலாளி... தேடுவாரு" என்றார். சரி வாப்பா என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. உம்மா. சாப்பாட்டு நேரத்துக்கு அவரோடு பேசாவிட்டால் இப்போதெல்லாம் உம்மாவுக்குச் சோறு இறங்காது. "ஜெய்னம்பு, டெஸ்டு முடிஞ்சுச்சா? அவுகள்ட்ட குடு" என்றாள், என்ன சந்தோஷம் அந்தக் குரலில். எடுக்காமல் விட்டிருக்கலாம், சாயங்காலம் சொல்லியிருக்கலாம். தள்ளிப்போடுவது என் வழக்கமில்லை. சொன்னேன். கட்டி என்று சொன்னேன், உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னேன், இனிமேல் பேச மாட்டார், ஆனால் பிழைத்துவிடுவார், முன்னால் வந்தவரும் இவர்தான், அப்புறம் வந்தவரும் இவர்தான், கேசட்டில் பேசியவரும் இவர்தான், எல்லாம் ஒரே வாப்பாதான் உம்மா என்று சொன்னேன். லாத்தா தூரத்தில் என்னவோ கேட்டாள். பிறகு உம்மா, அன்றைக்கு மூன்றாம் நாள் பேசினாளே அதே அமைதியோடு, மரியாதையாக, தெரியாதவர்களிடம் பேசுகிற மாதிரி கேட்டாள்: "யாரும்மா நீ? இது எம்மவ போனாச்சே. ஜெய்னம்பு எங்கே?"

நான்தான் உம்மா, ஜெய்னம்புதான் பேசுறேன் என்றேன், பாத்துமுத்து மக ஜெய்னம்பு, மீரான் மக ஜெய்னம்பு, என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "எம்மவள்ட்ட குடும்மா போனை" என்றாள் உம்மா, வைத்துவிட்டாள். நான் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பேன், எடுக்கிறவரைக்கும். நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டி, "மீரான் கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையைத் தூக்கினேன்.